நாக்குக்காரி ஐந்து டம்ளர் குடித்த கதை

அந்த ஊர்த் தண்ணீர் ஆபீஸில் மொத்தம் முப்பத்திரண்டு பேர் வேலை பார்த்தார்கள். முப்பத்தோரு பேர் தங்களுக்கு மூளை இருப்பதாகச் சொல்லிக்கொண்டார்கள். மிச்சமிருந்த ஒருத்திக்கு நாக்கு இருந்தது. ஊர் நம்பியது நாக்கைத்தான்.

பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்குச் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்றபடி அவள் நாக்குக்காரி. வேலை என்னவோ சாம்பிள் எடுப்பதுதான். தோளில் ஒரு பை, பைக்குள் பன்னிரண்டு கண்ணாடிப் பாட்டில், குளோரின் பார்க்கிற ஒரு சின்ன டப்பா. தெருக்குழாயைத் திறந்து ஐந்து நிமிடம் ஓட விட வேண்டும். பிறகு பாட்டிலில் பிடித்து, சீட்டு ஒட்ட வேண்டும். டப்பாவிலிருக்கும் மருந்தை இரண்டு சொட்டு விட்டால் தண்ணீர் மஞ்சளாகும். மஞ்சளானால் குளோரின் இருக்கிறது என்று அர்த்தம். அவ்வளவுதான் வேலை. குடித்துப் பார் என்று யாரும் சொல்லவில்லை. அவளாகத்தான் ஒரு மடக்கு குடிப்பாள், வாய்க்குள் உருட்டுவாள், மேலே பார்ப்பாள், பிறகு தீர்ப்புச் சொல்வாள்.

கிழக்குத் தொட்டித் தண்ணீர் எது, மேற்குத் தொட்டித் தண்ணீர் எது என்று கண்ணை மூடிக்கொண்டு பிரித்துவிடுவாள். குழாய் துருப்பிடித்திருந்தால் எந்தத் தெரு முக்கில் பிடித்திருக்கிறது என்பாள். தொட்டி கழுவி எத்தனை மாதம் ஆயிற்று என்பாள். ஒருநாள் ஒரு மடக்கு குடித்துவிட்டு, "தொட்டிக்குள்ள அணில் விழுந்து கெடக்கு" என்றாள். ஏறிப் பார்த்தால் அணில். ஆண் அணில் என்றுகூட முன்கூட்டியே சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. அது கொஞ்சம் கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் சாக்கடைச் சங்கதி மட்டும் கலப்படமில்லாத உண்மை. பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு காலை, மூன்றாவது வீட்டுக் குழாயில் ஒரு மடக்கு குடித்தவள் அப்படியே துப்பினாள். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு பம்ப் ஹவுஸ் வரைக்கும் ஓடினாள். அங்கே மோட்டார் ஓட்டிக்கொண்டிருந்தது அவள் புருஷன்தான். அவரைத் தள்ளிவிட்டுத் தானே சுவிட்சை அணைத்தாள். பள்ளம் தோண்டிப் பார்த்தபோது, சாக்கடைக் குழாய் விரிசல் விட்டுத் தண்ணீர்க் குழாயோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் ஓடியிருந்தால் பாதித் தெரு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும். அன்றைக்கு வயிற்றுப்போக்கு வந்தது ஒரே ஒரு பெரியவருக்கு. அவருக்கு அது தினசரிப் பழக்கம்.

அன்றிலிருந்து அந்த ஊரில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. குடத்தோடு நிற்கிற பெண்கள், "நாக்குக்காரி குடிச்சாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் பிடிப்பார்கள். அவள் தலையாட்டினால் போதும், காய்ச்சாமலேயே குழந்தைக்குக் கொடுப்பார்கள். ஆபீஸும் இந்த வழக்கத்தை மெல்லத் தன் வசதிக்கு வளைத்துக்கொண்டது. பாட்டில் உடைந்தால் புதுப் பாட்டில் வாங்குவதில்லை. பரிசோதனை மிஷின் பழுதானால் துணி போட்டு மூடினார்கள். புகார் வந்தால் அவளை அனுப்பினார்கள். அவள் குடித்துவிட்டு வந்ததும், புகார்த் தாளின் அடியில் இன்ஜினியர் அழகான கையெழுத்தில் எழுதுவார்: "சுவை பார்க்கப்பட்டது. சரி."

இன்ஜினியருக்குக் கஞ்சி என்று பெயர். அவர் சட்டைக்குப் போடுகிற கஞ்சியில், சட்டை அவர் இல்லாமலே ஆபீஸுக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும் என்பார்கள்.

நாக்குக்காரிக்கு இதெல்லாம் பிடிக்காமலும் இல்லை. புகழ் யாருக்குக் கசந்திருக்கிறது? தெருவில் அவள் நடந்தால் குடங்கள் ஒதுங்கி வழிவிட்டன. அவளும் கழுத்தைக் கொஞ்சம் நிமிர்த்தித்தான் நடந்தாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், தண்ணீர் மாறியது. அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள். ஓடிப்போய்க் கஞ்சியிடம் சொன்னாள்.

"சார், தண்ணி ரொம்ப நல்லா ஆயிருக்கு சார். முன்னாடி ஒரு கனம் இருக்கும், நாக்குல மாவு ஒட்டின மாதிரி. இப்ப மழைத்தண்ணி மாதிரி வழுக்கிட்டுப் போகுது. என்ன சார் பண்ணீங்க?"

கஞ்சி ஒரு நிமிடம் அவளையே பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"நல்லாருக்குங்கிறீங்களா?"

"தேன் சார்."

"அதை எழுதிக் கொடுத்துடுங்களேன். ஒரு கையெழுத்து."

எழுதிக் கொடுத்தாள். இனிஷியல் போட்டு, அடியில் ஒரு கோடும் இழுத்தாள்.

இதோடு கதை முடிந்திருந்தால் நாக்குக்காரி இன்றைக்கும் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நடந்திருப்பாள்.

அவளுக்குக் குழந்தை கிடையாது. தங்கைக்கு ஒரே பெண், ஆறு வயது. பெரியம்மா மடியில் வளர்ந்தது. பேச ஆரம்பித்த நாளிலிருந்து வாய் மூடாத ஜாதி. தூங்கும்போதும் யாரையாவது அதட்டிக்கொண்டிருக்கும். அது பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துப் பத்து மாதத்தில் அடங்கிவிட்டது. முதலில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள், பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று. பிறகு வயிற்று வலி. நாலு நாளைக்கு ஒரு தரம்தான் வெளிக்குப் போகும். சாப்பாட்டைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. தெரிந்த எழுத்தெல்லாம் தெரியாமல் போயிற்று. டீச்சர் நோட்டில் "கவனம் போதாது" என்று சிவப்பு மையில் எழுதி அனுப்பினார். தங்கை அடித்தாள். நேற்றுப் படித்த எழுத்தை இன்றைக்கு மறந்தால் எந்த அம்மாதான் பொறுமையாக இருப்பாள்? ஸ்கேலால் அடித்தாள், விரல் கணுவில்.

கடைசியில் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். சின்ன வயசு லேடி டாக்டர். குழந்தையின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், ஈறைப் பார்த்தார், ரத்தம் எடுத்து வெளியூர் லேபுக்கு அனுப்பினார். ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"ரத்தத்துல காரீயம் இருக்கு."

தங்கைக்குப் புரியவில்லை. "அப்படின்னா?"

"பழைய பேட்டரிக்குள்ள இருக்குமே, அந்த உலோகம். ஈயம். குழந்தைங்க உடம்புல கொஞ்சம் போனாலே மூளையைத்தான் முதல்ல பிடிக்கும். வீட்ல பழைய பெயிண்ட் உரியுதா? பேட்டரி உடைக்கிற வேலை யாராவது பக்கத்துல செய்றாங்களா?"

இல்லை என்று தலையாட்டினார்கள்.

"தண்ணி எங்க குடிக்குது?"

இந்த இடத்தில் நாக்குக்காரி சிரித்தேவிட்டாள். "டாக்டரம்மா, தண்ணியைப் பத்தி என்கிட்ட கேளுங்க. ஸ்கூல் குழாயை வாராவாரம் நானே குடிச்சுப் பாக்கறேன். அந்தத் தண்ணில ஒரு குறையும் கெடையாது."

டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஈயத்துக்கு ருசி இல்லைங்க."

"எல்லாத்துக்கும் ஒரு ருசி இருக்கும்மா."

"இல்லைங்க. நிறமும் இல்ல, வாடையும் இல்ல. யார் குடிச்சாலும் தெரியாது."

நாக்குக்காரிக்குச் சுர்ரென்று ஏறியது. நேற்றுப் படித்துவிட்டு வந்த பொண்ணு, பத்தொன்பது வருட நாக்குக்குப் பாடம் நடத்துவதா? "நீங்க அணிலையே கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க" என்று எழுந்துவிட்டாள். டாக்டருக்கு அணில் எங்கிருந்து வந்தது என்று புரியவில்லை.

பஸ் ஸ்டாப்பில் நின்று, தங்கை குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"காய்ச்சித்தான் குடுத்துட்டிருந்தேன். நீதான்க்கா கேஸ் எதுக்குடி வீணாக்குற, அப்படியே குடுன்னே. பள்ளிக்கூடத்துலயும் பாட்டில் வேண்டாம், குழாய்ல குடிக்கட்டும்னே. நல்லாருக்குன்னு நீதானே சொன்னே?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பது என்பார்களே, அது அதுதான். அன்றிலிருந்து தங்கை அவளிடம் பேசவில்லை.

வீட்டுக்கு வந்து புருஷனிடம் கத்தினாள். கத்தினால்தான் அவருக்குக் கேட்கும். முப்பது வருடம் மோட்டார் பக்கத்தில் நின்ற காது. ஓய்வு பெற்று மூன்று மாதம் ஆகியிருந்தது.

"ஸ்கூல் தண்ணில ஈயமாம்! எங்கேருந்து வரும் ஈயம்?"

"குழாயிலேருந்து" என்றார் அவர், சாவகாசமாக நகம் வெட்டிக்கொண்டு. "அந்தக் கட்டடம் கட்டினப்ப ஈயக் குழாய்தான் போட்டாங்க. கையாலயே வளைக்கலாம், அவ்வளவு மெத்துனு இருக்கும். அது பாட்டுக்கு எழுபது வருஷமாக் கெடக்கு. ஒண்ணும் ஆகல."

"இப்ப மட்டும் ஏன் ஆகுது?"

"சுண்ணாம்பு இல்லையே."

"என்ன சுண்ணாம்பு?"

நகவெட்டியைக் கீழே வைத்தார். ஆற்றுத் தண்ணீர் லேசான தண்ணீர், அதற்குப் பசி அதிகம், குழாயை அரிக்கும் என்றார். அதனால்தான் பம்ப் ஹவுஸில் சுண்ணாம்பு கலக்கிற மிஷின் வைத்திருந்தார்கள். சுண்ணாம்பு கலந்தால் தண்ணீருக்குப் பசி அடங்கும். குழாய்க்கு உள்பக்கம் ஒரு மெல்லிய பூச்சும் படியும். அந்த மிஷின் பழுதாகி இரண்டு வருடம் ஆகிவிட்டது.

"ரெண்டு வருஷமா? ஏன்யா என்கிட்ட சொல்லல?"

"நான் அப்பவே கஞ்சிகிட்ட சொன்னேன். அவர் ஒரு தாளை எடுத்துக் காட்டினார். சுண்ணாம்பு நின்னப்புறம்தான் தண்ணி தேன் மாதிரி இருக்காம், மிஷினை ரிப்பேர் பண்ணத் தேவையில்லைன்னு மேலிடத்துக்கு எழுதிட்டேன்னார். அடியில உன் கையெழுத்து. கோடுகூட இழுத்திருந்தே." கொஞ்சம் நிறுத்தினார். "உனக்குத் தெரிஞ்சுதான் போட்டிருப்பேன்னு நெனச்சேன்."

நாக்குக்காரி சமையலறைக்குப் போய்ச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். மாவு ஒட்டின மாதிரி ஒரு கனம் என்று அவள் குறை சொன்னாளே, அதுதான் சுண்ணாம்பு. குழந்தைகளைக் காப்பாற்றிக்கொண்டிருந்த ருசி அது. அது போனதைத்தான் தேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

அழவில்லை. கோபம் வந்தால் அவளுக்கு அழுகை வராது, கைதான் பரபரக்கும். வீட்டிலிருந்த பாத்திரத்தையெல்லாம் எடுத்துப் போட்டுத் தேய்த்தாள். கழுவினதையே திரும்பக் கழுவினாள்.

திங்கட்கிழமை காலை வாட்ச்மேன் கேட்டைத் திறந்ததும் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தாள். வெள்ளிக்கிழமை சாயந்திரம் மூடின குழாய். இரண்டரை நாள் தண்ணீர் உள்ளேயே நின்றிருந்தது. பத்தொன்பது வருடமாக ஐந்து நிமிடம் ஓடவிட்டுத்தான் பிடித்திருக்கிறாள். அப்படித்தான் பிடிக்கச் சொல்லியிருந்தார்கள். நின்ற தண்ணீர் முழுக்கச் சாக்கடைக்குப் போய்விடும், புதுத் தண்ணீர் பாட்டிலுக்கு வரும், பாட்டில் எப்போதும் பாஸாகும். ஆனால் காலையில் பையை மாட்டிக்கொண்டு ஓடி வருகிற பிள்ளை ஐந்து நிமிடமா ஓட விடுகிறது? வாயை வைத்து உறிஞ்சுகிறது. அவள் ஓட விடவில்லை. குழாயைத் திறந்ததும் வந்த முதல் தண்ணீரையே பாட்டில் பாட்டிலாகப் பிடித்தாள். தன் வீட்டுத் தண்ணீரையும் பிடித்தாள். அதே தொட்டித் தண்ணீர்தான், ஆனால் வீட்டுக்குப் பிளாஸ்டிக் குழாய். இரண்டிலும் ஒவ்வொன்றை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள்.

"அணிலைப் பத்தி அப்புறம் பேசலாம். இதை அந்த லேபுக்கு அனுப்புங்கம்மா."

ரிப்போர்ட் வந்தது. ஒரு லிட்டரில் பத்து மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது. வீட்டுத் தண்ணீரில் ஒன்று. பள்ளிக்கூடத் தண்ணீரில் எண்பத்து நாலு.

தலைமை ஆசிரியை அன்றைக்கே குழாயில் துணியைச் சுற்றிக் கட்டி, "குடிக்காதே" என்று அட்டை தொங்கவிட்டார். விஷயம் மதியத்துக்குள் ஊரெல்லாம் பரவியது. கஞ்சி நாக்குக்காரியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேஜையில் கண்ணாடிக்கு அடியில் அவர் வாங்கிய பாராட்டுச் சான்றிதழ்கள் வரிசையாக இருந்தன.

"ஒரே ஒரு பாட்டில். அதுவும் முறைப்படி எடுக்காத பாட்டில். அஞ்சு நிமிஷம் ஓட விட்டீங்களா?"

"பிள்ளைங்க ஓட விட்டுட்டா சார் குடிக்குது?"

"ரூல்ஸ்னு ஒண்ணு இருக்கும்மா."

"சுண்ணாம்பு போடறதும் ரூல்ஸ்ல இருக்கா சார்?"

கஞ்சியின் சட்டைகூடக் கொஞ்சம் தளர்ந்தது. ஆனால் அவர் சமாளிக்கத் தெரிந்தவர். குரலைத் தேனாக்கினார்.

"அதெல்லாம் பட்ஜெட்ல கேட்டிருக்கு. வரும். இப்ப ஊர் பதறிக் கெடக்கு. சனிக்கிழமை ஸ்கூல்ல பெற்றோர் கூட்டம். நீங்க வாங்க, எல்லார் முன்னாலயும் ஒரு டம்ளர் குடிங்க, வழக்கம்போல ஒரு வார்த்தை சொல்லுங்க. திங்கட்கிழமை குழாயைத் திறந்துடலாம். உங்க வார்த்தைக்கு இருக்கிற மதிப்பு இந்த லேப் பேப்பருக்கு இருக்கா சொல்லுங்க?"

அவளை மிதித்தது அந்தக் கடைசி வரிதான். ஏனென்றால் அது உண்மை.

வரமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அவள் வராவிட்டால், "அவங்களுக்கு உடம்பு சரியில்ல, போன வாரம்கூடக் குடிச்சாங்க, நல்லாருக்குன்னாங்க" என்பார். ஊர் தலையாட்டும். குழாய் திறக்கும். இருநூற்று நாற்பது பிள்ளைகள் வாயை வைக்கும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் புருஷனைச் சமையலறையில் உட்கார வைத்தாள். இரண்டு தண்ணீரையும் ஒரு நாள் முழுக்க மூடாமல் வைத்துக் குளோரின் வாடையைப் போக்கியிருந்தாள். இல்லாவிட்டால் அதை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள். ஒரே மாதிரி ஐந்து டம்ளர். நாலில் வீட்டுத் தண்ணீர், ஒன்றில் பள்ளிக்கூடத் தண்ணீர். அடியில் சீட்டு ஒட்டி, அவளைத் திரும்பிக்கொள்ளச் சொல்லி, அவர் கலைத்து வைத்தார். வாயில் உருட்டிப் பார்த்துத் துப்பினாள்.

"ரெண்டாவது."

"இல்ல" என்றார்.

"சும்மா சொல்லாத."

"சீட்டைப் பாரு."

ஆறு தடவை பார்த்தாள். ஆறு தடவையும் தப்பு. ஏழாவது தடவை ஒரு டம்ளர் சுவரில் போய் மோதியது. புருஷன் எழுந்து போய், நசுங்கின டம்ளரை எடுத்துத் தட்டி நிமிர்த்தி, பழையபடி வரிசையில் வைத்தார். "நாளைக்கும் அஞ்சு வேணுமில்ல" என்றார்.

சனிக்கிழமை பள்ளிக்கூடக் கூடத்தில் எள் போட்டால் எள் விழாது. பெற்றோர்கள் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். தங்கை கடைசி வரிசையில், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு. கஞ்சி பேசினார்: வதந்தி, விஷமிகள், நூறு சதவீதம் பாதுகாப்பு. பேசி முடித்து, "நான் சொல்றதை நீங்க நம்ப வேண்டாம். இவங்க சொல்றதை நம்புவீங்கல்ல?" என்று கையை நீட்டினார். கூடம் கைதட்டியது.

நாக்குக்காரி முன்னால் வந்தாள்.

"என் நாக்கை நம்பாதீங்க. ஈயம் இருந்தா என் நாக்குக்குத் தெரியாது."

எல்லோரும் சிரித்தார்கள். "அக்காவுக்கு அடக்கத்தைப் பாரு!" என்றாள் ஒருத்தி. "அணிலையே கண்டுபிடிச்ச நாக்கு!" என்றார் பின்னாலிருந்து ஒரு பஸ் டிரைவர், அவர் பிள்ளைகள் இரண்டு பேர் அங்கே படித்தார்கள்.

"வாங்கண்ணே. நீங்களே வாங்க" என்று அவரையே கூப்பிட்டாள். டம்ளர்களை மேஜையில் வைத்தாள். ரிப்போர்ட்டைப் படித்துக் காட்டி, எந்த டம்ளரில் எந்தத் தண்ணீர் என்று எல்லோருக்கும் சொன்னாள். டிரைவர் கலைத்து வைக்க வேண்டும், அவள் ஈயத் தண்ணீரைக் கண்டுபிடிக்க வேண்டும். திரும்பிக்கொண்டாள். அவர் கலைத்தார். அவள் ஐந்தையும் ருசித்து, பக்கத்து வாளியில் துப்பினாள்.

"நாலாவது" என்றாள், வாய்க்கு வந்ததை.

டிரைவர் டம்ளரைத் தூக்கி அடியில் பார்த்தார். "அதேதான்!"

கூடம் இடிந்து விழுகிற மாதிரி கைதட்டல். குருட்டாம்போக்கில் சரியாகப் போய்விட்டது! நேற்று ஆறு தடவை தோற்ற நாக்கு, இன்றைக்குப் பார்த்தா ஜெயிக்க வேண்டும்?

கஞ்சி துள்ளி எழுந்தார். "பாத்தீங்களா! ஈயம் இருந்தா இந்த நாக்கு சொல்லிடும்! அப்ப இத்தனை வருஷமா நல்லாருக்குன்னு சொன்ன தண்ணி நல்ல தண்ணிதானே? இப்ப குழாய்லேருந்து ஒரு டம்ளர் பிடிச்சுட்டு வாங்க..."

"உக்காருங்க சார்!" அந்தக் குரலில் முதல் வரிசைக் குழந்தை ஒன்று அழ ஆரம்பித்தது. "அது அதிர்ஷ்டம்! அஞ்சுல ஒண்ணு, கண்ணை மூடிக்கிட்டுத் தொட்டாலும் ஒரு நாள் சரியா வரும்! இன்னொரு தடவை வைங்கண்ணே."

"எதுக்குக்கா, அதான்..."

"வைங்கங்கிறேன்!"

வைத்தார். மூன்றாவது என்றாள். தப்பு. இன்னொரு தடவை. ஐந்தாவது என்றாள். தப்பு. கூடத்தில் சத்தம் குறைந்தது. நாலாவது தடவை அவள், "இதுல எது ரொம்ப நல்ல தண்ணின்னு சொல்றேன்" என்று ருசித்துப் பார்த்து, "முதலாவது. இதைத்தான் என் தங்கச்சி பொண்ணுக்குக் குடுப்பேன்" என்றாள்.

டிரைவர் முதல் டம்ளரைத் தூக்கிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

"சொல்லுங்கண்ணே."

"ஈயத் தண்ணி" என்றார்.

கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண், "நான் உன்னை நம்பலக்கா. இந்த ஸ்கூல் குழாய்லதான் வீட்டுக்கும் பிடிக்கறேன், ஆனா எப்பவும் கொதிக்க வெச்சுத்தான் குடுத்தேன். அப்ப என் பிள்ளைக்கு ஒண்ணும் இல்லையே?" என்றாள்.

"கொதிக்க வெச்சா கிருமி சாகும்டி. ஈயம் சாகாது. தண்ணி வத்தி இன்னும் கெட்டியாகும். டாக்டர்கிட்ட கேட்டேன்."

"அடிப்பாவி" என்றாள் அந்தப் பெண். யாரைச் சொன்னாள் என்பது அவளுக்கே தெரிந்திராது. ஆனால் அதுதான் ஆரம்பம். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். உன்னை நம்பித்தானே, உன் பேச்சைக் கேட்டுத்தானே, பெரிய நாக்கு, ஊரை ஏமாத்தினியே, சம்பளம் வாங்கிக்கிட்டு ஊர்வலம் போனியே. பத்தொன்பது வருடம் வழிவிட்ட குடங்களெல்லாம் சேர்ந்து தலையில் விழுந்த மாதிரி இருந்தது. அவள் நின்றாள்.

"திட்டுங்க. நல்லாத் திட்டுங்க. எனக்கு வேணும். நான்தான் தேன்னு எழுதிக் குடுத்தேன். ஆனா சுண்ணாம்பு மிஷின் நின்னு ரெண்டு வருஷம் ஆச்சே, அது சாருக்குத் தெரியும். ஸ்கூலுக்கு ஈயக் குழாய், அதுவும் தெரியும். என் நாக்குக்குத் தெரியாததெல்லாம் அவர் ஃபைலுக்குத் தெரியும்! எண்பத்து நாலு! இதை எந்த நாக்கால சரின்னு சொல்லச் சொல்றாரு, கேளுங்க!"

கூடம் அப்படியே திரும்பியது. கஞ்சி கதவைப் பார்த்தார். கதவில் நாக்குக்காரியின் புருஷன் நின்றிருந்தார்.

"வழிவிடுங்க" என்றார் கஞ்சி.

"என்னது?" என்றார் அவர், காதில் கையை வைத்துக்கொண்டு. மூன்று தடவை கேட்டார். அதற்குள் பஸ் டிரைவர், "சார் எங்க போகணும்? மிஷினைப் பாக்கத்தானே? என் வண்டியிலயே போலாம்" என்று தோளில் கையைப் போட்டுவிட்டார்.

ஐம்பத்தைந்து பேர் உட்காரும் பஸ்ஸில் நூற்றிருபது பேர் ஏறினார்கள். இருநூறு என்பாரும் உண்டு. பம்ப் ஹவுஸில் சுண்ணாம்பு மிஷினைக் காட்டச் சொன்னார்கள். சுண்ணாம்பு கொட்டுகிற அகலமான புனலுக்குள் பதினோரு குடைகள் நின்றிருந்தன. ஆபீஸ்காரர்கள் நனைந்த குடையை வைக்க அதைத்தான் வைத்திருந்தார்கள். அந்தக் கைக்குழந்தைக்காரி ஒரு குடையை உருவி எடுத்தாள். அதை வைத்து என்ன செய்தாள் என்பதற்கு ஊரில் நாலைந்து கணக்கு உண்டு. கஞ்சியின் சட்டை மடிந்ததை அன்றைக்குத்தான் ஊர் பார்த்தது என்பதில் மட்டும் எல்லாக் கணக்கும் ஒத்துப்போகும்.

ஐந்தாம் நாள் மிஷின் ரிப்பேராகி, சுண்ணாம்பு மூட்டையும் வந்தது. பள்ளிக்கூடத்துக் குழாயைத் தோண்டி எடுக்க ஆறு வாரம், நாலு மனு, இரண்டு முற்றுகை ஆயிற்று. அது வரை பிள்ளைகள் வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுபோனார்கள். கஞ்சி வேறு ஊருக்கு மாற்றப்பட்டார், பதவி உயர்வோடு. அந்த ஊரில் என்ன குடிக்கிறார்களோ. நாக்குக்காரிக்கு மெமோ வந்தது: துறையின் நற்பெயருக்குக் களங்கம் விளைவித்தமை. சாம்பிள் பையைப் பிடுங்கிக்கொண்டு, பழைய ஃபைல் அடுக்குகிற அறையில் உட்கார வைத்தார்கள். அங்கே உட்கார்ந்து தினமும் பத்து ஃபைலைத் தூசி தட்டினாள். ஒவ்வொன்றிலும் "சுவை பார்க்கப்பட்டது. சரி."

குழந்தையின் ரத்தத்தில் ஈயம் மெல்ல இறங்கியது. இறங்குவது வேறு, போனது திரும்புவது வேறு என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். அவரிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று. அணில் கதையையும் சொல்லியாயிற்று. "திரும்புமா டாக்டர்?" என்றாள். "கொஞ்சம் திரும்பலாம். எவ்வளவுன்னு யாராலயும் சொல்ல முடியாது." அதைக் கேட்டுவிட்டு வெளியே வந்து, ஆஸ்பத்திரிச் சுவரை ஓங்கிக் குத்தினாள். கை வீங்கியது. சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

சுண்ணாம்பு கலந்த தண்ணீரைப் பற்றி ஊரில் முணுமுணுப்பு ஆரம்பித்தது. கனமாக இருக்கிறதாம், நாக்கில் ஒட்டுகிறதாம், முன்னால் எவ்வளவு நன்றாக இருந்தது என்றார்கள். தெருவில் இரண்டு பேர் அவளை மறித்து, குடித்துப் பார்த்துச் சொல்லச் சொன்னார்கள். ஆபீஸ் சுவரில் புதிதாக மாட்டியிருந்த ரிப்போர்ட்டைக் காட்டி, "எழுதப் படிக்கத் தெரியுமில்ல? போய்ப் படிங்க" என்று சீறினாள்.

வீங்கின கையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போனாள். அழைப்பில்லை. கதவு திறந்திருந்தது. குழந்தை தரையில் உட்கார்ந்து ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தது. பெரியம்மாவைப் பார்த்ததும், "செருப்பைக் கழட்டு" என்று அதட்டியது. அவள் கழற்றினாள். தங்கை உள்ளே போய், குழாயைத் திறந்து கொஞ்ச நேரம் ஓட விட்டு, ஒரு டம்ளர் பிடித்துக்கொண்டு வந்து எதிரில் வைத்தாள். கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

நாக்குக்காரி எடுத்துக் குடித்தாள். மாவு ஒட்டியது. தொண்டை வரைக்கும் சுண்ணாம்பு. முகம் கோணியது.

"எப்படி இருக்கு?" என்றாள் தங்கை. நாலு மாதத்தில் பேசின முதல் வார்த்தை.

"கேவலமா இருக்கு" என்று டம்ளரை நீட்டினாள் அக்கா. "இன்னொண்ணு பிடி."